சிவப்பு அம்பு ஒட்டிய பூனை

எனக்குக் கோபம் வந்தால் வாயில் வார்த்தை வராது. காது இரண்டும் சூடாகும், அவ்வளவுதான். அதனால் நான் கோபமே வராத ஆள் என்று பனியன் கம்பெனியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே அயர்ன் டேபிளில் நிற்பவன். ஒருநாள் லோடு ஏற்ற வந்த வண்டி ரிவர்ஸில் வரும்போது, வாசலில் படுத்திருந்த பூனையின் இடுப்பில் ஏறிவிட்டது. உயிர் இருந்தது. பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி இழுபட்டன. வண்டிக்காரர் அதை வேஸ்ட் மூட்டையோடு போட்டு அனுப்பப் பார்த்தார். நான் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கால்கள் இனி வராது என்று மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். மூத்திரமும் தானாகப் போகாதாம். காலை, மத்தியானம், ராத்திரி வயிற்றைப் பிடித்து அமுக்கி எடுக்க வேண்டும். விட்டால் உடம்பில் விஷம் ஏறிவிடுமாம்.

"ஏனுங்க, எனக்குக் கை நடுங்குதுங்க. உங்களுது அயர்ன் பொட்டி புடிக்கிற கைதானே, நீங்களே அமுத்துங்க" என்றாள் மனைவி. பகலில் அவளும் வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே பூனையை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கம்பெனிக்கே கொண்டுபோனேன். டேபிளுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் பின்சுவர் ஓரம் தூக்கிப்போய் அமுக்குவேன்.

எங்கள் செக்கிங் பிரிவில், தைத்த பனியனில் ஓட்டையோ கறையோ இருக்கும் இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரிசெய்ய முடிந்தது ஆல்ட்டருக்குப் போகும், முடியாதது ரிஜெக்ட். அன்று நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள், செக்கிங் சூப்பர்வைசர் பூனையைப் பெட்டியோடு மேசைமேல் எடுத்து வைத்து, இரண்டு பின்னங்காலிலும் அம்பு ஒட்டியிருந்தார். சுற்றிலும் கூட்டம்.

"அண்ணா, உங்க பீஸு ரிஜெக்ட்டுங்க. ரெண்டு காலும் டேமேஜு."

"ஆல்ட்டருக்குப் போட்டுப் பாருங்க, அண்ணாச்சி" என்றாள் தெற்கத்திக்காரப் பெண் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்டிக்கரைப் பிய்த்தேன். முடியும் சேர்ந்து வந்தது. பூனை கத்தவில்லை. அதற்கு அங்கே உணர்வே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"நாளைக்கு சரக்கு வாங்குற பையர் வர்றாருங்கண்ணா. இதைய இனிக் கொண்டாராதீங்க. ஒரு மத்தியானம் அமுத்தலீனா செத்தா போயிரும்?" என்றார் சூப்பர்வைசர்.

"செத்துப் போயிருமுங்க" என்றேன்.

அதுதான் வந்தது. திட்ட வேண்டிய இடத்தில் பதவிசாகப் பதில் சொன்ன என் வாய்மேலும் எனக்குக் கோபம். அயர்ன் சுவிட்சை அணைத்தேன். பூனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

"ஏனுங்கண்ணா, ஷிப்மென்ட்டு நிக்குதுங்க!"

நிற்கட்டும். ரோட்டோரம் குத்தவைத்து, பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அதன் வயிற்றை அமுக்கினேன். முதலில் வரவில்லை. ஒரு மூச்சு விட்டு மறுபடி அமுக்கியதும் மண் நனைந்தது.

இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன யூனிட்டில் வேலை. போன வாரம் மத்தியானம் வீட்டுக்குப் போகும் வழியில், டீக்கடை வாசலில் அந்த சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"இன்னும் உசுரோட இருக்குதுங்களாண்ணா அது?" என்று கேட்டுச் சிரித்தார்.

காது சூடானது. நின்று பதில் சொன்னால் நேரமாகிவிடும். நடந்தேன்.