தூங்க வைத்த எண்

அவருக்குத் தெருவில் பெயர் சாக்பீஸ். துப்பாக்கி பழுது பார்ப்பவர். தேய்ந்துபோன முத்திரையில் சாக்குத்தூளைத் தேய்த்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, எழுத்து வெள்ளையாகத் தெளியும்வரை காத்திருப்பார். தெரிந்ததை அப்படியே சொல்லிவிடுவார். ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் வாயில் வராது. இப்படிப்பட்ட மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசா என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

அந்த மழைநாள் மத்தியானம் மேஜைமேல் கிடந்தது அவர் மாமனாரின் துப்பாக்கி. பட்டாளம் கழித்துக்கட்டியதை யாரோ வாங்கி, குழலைக் குறுக்கி, முன்கட்டையை அறுத்து, வேட்டைக்கு ஆக்கியிருந்தார்கள். யுத்தத்தில் தான் சுமந்த அதே துப்பாக்கிதான் இது, கடை கடையாய் ஏறி இறங்கிக் கண்டுபிடித்தேன் என்று மாமனார் சாகும்வரை சாதித்தார். வேட்டைக்கென்று கிளம்பி ஒரு முயலைக்கூடக் கொண்டுவராதவர் பேச்சை யார் நம்புவார்கள்? அப்பா அளந்துவிட்டதில் இதுவும் ஒன்று என்று மாமனாரின் மகனே சிரித்தார். அந்தச் சிரிப்பு மகளுக்கு, சாக்பீஸின் மனைவிக்கு, நெஞ்சில் தைத்தது. சின்ன வயதில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா பாடியது தாலாட்டு அல்ல, அந்தத் துப்பாக்கியின் எண்ணைத்தான். அதுவும் வெறுங்கதையாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

"உள்ளதைச் சொல்லுங்க. எனக்காக எதையும் மாத்தாதீங்க," என்று அப்பா பாடிய எண்ணையும் சொல்லிவிட்டுக் கணவரின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

அவர் கட்டையைக் கழற்றினார். குழலின் அடியில் மெருகு படாத இரும்பு, மங்கலாக ஒரு படைப்பிரிவின் முத்திரை, அதன்கீழ் எண். அவள் சொன்ன எண் இல்லை.

"இது அவரோடது இல்லம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தன் வாய்மேலேயே வெறுப்பு வந்தது. கை சும்மா இருக்க மாட்டாமல், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டை உருவினார். வேட்டைக்காக அதன் கைப்பிடியை வளைத்தவன் அரத்தால் ராவியதில் எண் மழுங்கிக் கிடந்தது. சாக்பீஸைத் தேய்த்தார், விளக்கைச் சாய்த்தார். தூக்கம் கலைந்து எழுவதுபோல் ஒவ்வொன்றாக மேலே வந்தன: ஏழு, மூன்று, மூன்று, ஒன்று, ஆறு. அது அவள் கேட்டு வளர்ந்த எண்.

ஒரே துப்பாக்கியின் குழலிலும் போல்ட்டிலும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். பட்டாளத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு மும்முரத்தில் துடைத்து மாட்டினால் போல்ட் மாறிவிடும். மேலதிகாரி கண்ணில் படாதவரை யாருக்கும் தெரியாது. அதை அவளுக்கு விளக்கிச் சொன்னார்.

"போல்ட் அப்பாவோடது. துப்பாக்கி, பக்கத்துல உக்காந்திருந்தவரோடதா இருக்கும்."

அவள் போல்ட்டைக் கையில் எடுத்து அந்த எண்ணை விரலால் தடவினாள்.

"அந்த நம்பர் முடிஞ்சதும் அப்பா இன்னொரு நம்பர் ஆரம்பிப்பாரு. ரெண்டு, ஒம்பதுன்னு. அதுக்குள்ள நான் தூங்கிடுவேன்."

அவர் குழலை வெளிச்சத்தில் திருப்பினார். இரண்டு, ஒன்பது என்றுதான் தொடங்கியது.

"முழுசாச் சொல்லுங்க," என்று அவள் மேஜைமேல் தலைசாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மாமனாரைப்போலவே மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி எண் வரும்வரை அவள் தூங்கவில்லை.