ஆமென்னுக்கு அர்த்தம்

தருமபுரிக் கல்லூரியொன்றில் மனநல ஆலோசனை கற்பிக்கும் பேராசிரியர் ஜெசிந்தா, தன்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களுக்காகக் கடைசியில் ஜெபிப்பார். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து மகனைப் பறிகொடுத்த கிருஷ்ணப்பன், மனைவியின் நச்சரிப்புக்காக வாராவாரம் வந்து கல்லாட்டம் உட்கார்ந்திருப்பார். ஜெபம் முடிந்ததும் மட்டும் "ஆமென்" என்பார். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லை நம்பித்தான், அவர் தேறிவருவதாக ஜெசிந்தா வகுப்பில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அன்று ஜெபத்துக்கு முன்பே கிருஷ்ணப்பன் எழுந்தார்.

"ஆமென்ங்க மேடம். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னும் ஜெபமே பண்ணலீங்களே?"

"ஆமென்னா கெளம்பலாம்னு தானுங்களே அர்த்தம்?"

அவர் போன பிறகு ஜெசிந்தா கண்களை மூடினார். கர்த்தரிடம் கேட்க ஒரு வார்த்தையும் வரவில்லை. "ஆமென்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.