நாங்கள் எடுக்காத முப்பது வெள்ளைப் படங்கள்

ஜின் உண்டு என்று மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எங்கள் மொட்டைமாடிக்கு வந்து கேமரா பொத்தானை அழுத்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள் நான்; பால் காய்ச்சிய நேரம்கூட என் டைரியில் இருக்கும். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, எழுதி வைத்திருப்பதைத்தான் சொல்கிறேன்.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். போன வருடம் மாசியில் நாற்பது நாள் லீவில் வந்தபோது ஒரு சின்னத் தொலைநோக்கியும் அதில் மாட்டும் கேமராவும் கொண்டுவந்தார். ஓரியன் நெபுலா என்ற வானத்து ஒளிமேகத்தை ஒரு படமாவது உருப்படியாக எடுத்துக்கொண்டுபோய்த் தன் அறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக, லீவின் கடைசி மூன்று நாட்களும் இரவு இஷா தொழுதுவிட்டு மாடிக்குப் போய் இருவரும் இருநூற்றுப் பத்துப் படங்கள் எடுத்தோம்.

அது மட்டும் போதாது. கேமராக் கண்ணாடியில் இருக்கும் தூசி ஒவ்வொரு படத்திலும் வட்ட நிழலாக விழும், மூலைகளும் இருண்டு போகும். அதைச் சரிசெய்ய, விடியும் நேரத்தில் தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, வெறும் வெள்ளையாக முப்பது படம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து அழுக்கை நீக்கிவிடும். ஒரே நிபந்தனை, அதுவரை கேமராவைக் கழற்றவே கூடாது. கழற்றினால் கோணமும் தூசியும் மாறிப்போய், மூன்று நாள் உழைப்பும் வீண்.

அதனால் மூன்று நாளும் கேமராவைக் கழற்றாமல், மூடியைப் போட்டு, மேலே போர்வை போர்த்தி, மாடிக் கதவைப் பூட்டி வைத்தோம். சாவி என் இடுப்புக் கொத்தில்.

நான்காம் நாள் விடியலில் சுபுஹு தொழுததும், வெள்ளைப் படம் எடுக்க அவர் மாடிக்குக் கிளம்பினார். சாயங்காலம் மதுரையில் அவருக்கு விமானம். "டீ ஆறிப்போயிரும் மச்சான், குடிச்சிட்டு ஆறே காலுக்குப் போவோம்" என்று நிறுத்தியது நான்தான். ஆறு மணியிலிருந்து அடுக்களையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். மகள் மதுரையில் விடுதியில் இருக்கிறாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆறு பன்னிரண்டுக்கு ஜன்னல் தகரத்தில் சடசடவென்று சத்தம்.

"ஏ புள்ள, மழ விழுகுது! சாவியக் குடு!"

ஓடினார். நான் துண்டோடு மேலே போவதற்குள் போர்வையை வீசிவிட்டுக் கேமராவைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

"வெள்ளப் படம்?" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "அல்லாவே… நனையப்போகுதேன்னு கழத்திட்டேன்."

கீழே வந்து கேமராவை மேசையில் வைத்தார். பிறகு, "உன் டீயில சீனியும் இல்ல, எனக்குப் படமும் இல்ல" என்று சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருப்பதையாவது எடுத்து வைப்போம் என்று மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். டைரியில் இருநூற்றுப் பத்து, கார்டில் இருநூற்று நாற்பது. கடைசி முப்பதும் வெள்ளை. நேரம் அன்று காலை ஆறு மூன்றிலிருந்து ஆறு எட்டு வரை. கேமராவின் கடிகாரத்தை முந்தின நாள்தான் நான் செல்போனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருந்தேன்.

"நீதானே ஏறிப்போயி எடுத்த? என்னைய அழவச்சுப் பாக்குற!"

"ஒங்க மூஞ்சிக்கு நேரதான மச்சான் உக்காந்து குடிச்சேன்? நீங்க எடுத்தீகளா?"

"பூட்டுன கதவுக்குள்ள நான் எப்புடிப் போறது? இப்பக் கழத்தையிலகூட மூடி போட்டுத்தான் இருந்துச்சு."

மூடி போட்டிருந்தால் படம் கன்னங்கரேலென்று அல்லவா இருக்க வேண்டும்? வெள்ளைத் துணி பீரோவில் மடித்தபடியே இருந்தது.

ஆனது ஆகட்டும் என்று அந்த முப்பதையும் சேர்த்துக் கணக்கிட விட்டோம். தூசி நிழல்கள் ஒன்றுவிடாமல் மறைந்து, நெபுலா செம்பருத்தி மாதிரி விரிந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். காரில் ஏறும்போதும் சிரித்த முகம். இப்போதும் அந்தப் படம் அவர் கட்டிலுக்கு மேலே இருக்கிறது.

ஒரு சின்னக் குறை மட்டும் இருந்தது. மேல் வலது மூலையில் மோதிரம் போல ஒரு வெளிச்ச வளையம். வானத்துப் படத்தில் இல்லாத தூசி வெள்ளைப் படத்தில் இருந்தால், இல்லாத அழுக்கைத் துடைக்கப்போய்க் கம்ப்யூட்டர் அந்த இடத்தை வெளுத்துவிடும். கடைசி இரவுக்குப் பிறகு ஏதோ விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கே கேமராவைச் சோதித்தேன். அந்த இடம் சுத்தமாக இருந்தது. அதற்குப்பின் பதினொரு மாதம் அது பெட்டியிலேயே கிடந்தது.

இந்த லீவில் அவர் வந்ததும் புதிதாக வெள்ளைப் படம் எடுத்தோம். மேல் வலது மூலையில் ஒரு புதுத் தூசி. பழைய முப்பதோடு புள்ளி புள்ளியாக எண்ணி ஒப்பிட்டேன். அதே இடம், அதே அளவு, இடது ஓரத்தில் அதே சின்ன நெளிவு. போன வருடப் படத்தில் இருப்பது, இந்த வருடம் விழுந்த தூசி.

காற்றடிக்கும் ரப்பர் பந்தால் ஒரு ஊது ஊதினால் அது போய்விடும். கையில் எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருந்துட்டுப் போகட்டும் புள்ள. இந்தத் தூசியோட அந்த முப்பதையும் எடுத்தவுக இன்னும் எடுத்து முடிக்கலையோ என்னமோ."

நான் ஊதவில்லை.