வாவியில் நாங்கள் ஏற்றிய கொடிகள்

நேற்றுப் பக்கத்துக் கடையில் உடைந்த தண்ணீர்த் தாங்கிக்கு ரெசின் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. எங்கள் பாய்ப்படகுக் கழகத்துக்கும் இதே நெடிதான்.

கழகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சுனாமி நிவாரணத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கல்லடி வாவிக்கரையில் விட்டுச்சென்ற இரண்டு சின்னப் பாய்ப்படகுகள், நாங்கள் மூன்று பேர். பெரியகல்லாற்று யோகனுக்குக் காற்றின் குணம் தெரியும். காத்தான்குடி றமீஸ் வெடிப்பு விட்ட படகை ரெசின் பூசி ஒட்டுவான். எனக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே செயலாளர்.

செயலாளர் சும்மா இருப்பாரா? பழைய விதிப் புத்தகமொன்று அகப்பட்டது. பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு கொடி, நான்கில் இன்னொன்று. உடனே துணி வாங்கித் தைப்பித்தேன்.

"ரெண்டு தோணிக்கு இவ்வளவு கொடியாடா?" யோகன் சிரித்தான்.

றமீஸ் சிரிக்கவில்லை. "மச்சான், கரையில நிண்டு கொடி காட்டினா ஆமிக்காரன் பாத்துக்கிட்டு நிப்பானா?"

சுனாமிக்குப் பிறகு சில வாரம் தமிழர், முஸ்லிம் எல்லோரும் ஒரே பானையில் சாப்பிட்டோம். பிறகு சண்டை மறுபடி மூண்டது, ஆளை ஆள் உற்றுப் பார்ப்பதும் திரும்பி வந்தது. எஞ்சின் சத்தமில்லாமல் போகிற படகே சந்தேகம்தான்.

முதல் பந்தயம் ஒரு ஞாயிறு காலை. இரண்டாவது கொடி ஏறியபோது ஜீப் வந்தது. படகு இறக்க ஆமி தந்த பாஸ் யோகன் பெயரில் இருந்ததால் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

யார் சொல்லியிருப்பார்கள்? ஆமி என்ன நினைக்கும் என்பது றமீஸுக்கு எப்படித் தெரியும்? அன்று ஏன் பிந்தி வந்தான்? அவனை ஏன் விட்டுவைத்தார்கள்? (என்னையும்தான் விட்டுவைத்தார்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

மறுநாள் றமீஸ் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தான். "உம்மா தந்தவ, யோகன்ட வீட்ட குடுப்பம்."

"உனக்குத்தானே எல்லாம் முன்னுக்கே தெரியும்" என்றேன்.

"அப்பிடியாடா நினைக்காய்?" பெட்டியோடு திரும்பிப் போனான்.

பதினொரு நாளில் யோகன் வெளியே வந்தான். நேரே கிரானுக்கு, மாமாவின் வயலுக்குப் போய்விட்டான். போர் முடிந்த வருடம்தான் சந்தித்தோம். றமீஸைப் பற்றி நான் தொடங்கியதும் கையமர்த்தினான்.

"அவன் என்ன செய்தான்? உன்ட கடிதந்தான் ஆமிக்காரன்ட மேசையில கிடந்திச்சு."

கடிதம்! எவரும் சந்தேகப்படக் கூடாதென்று, எந்தக் கொடி எத்தனை மணிக்கு ஏறும் என்ற பட்டியலை அழகாக டைப் செய்து பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நானே கொடுத்திருந்தேன். அதை என் நல்ல காரியங்களில் ஒன்றாகவே ஞாபகம் வைத்திருந்தேன்.

"ஏன்டா இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"நீ தெரிஞ்சுதான் குடுத்த எண்டு நினைச்சன்."

அன்றே காத்தான்குடிக்கு ஓடினேன். றமீஸ் கட்டாரில் என்றார் அவனுடைய வாப்பா. தொலைபேசி எண் கேட்டேன். கதவைப் பிடித்தபடி நின்றார்.

"எதுக்கு மகன் கேக்கீங்க?"

இப்போது வாவியில் யார் படகு இறக்கினாலும் பாஸ் கேட்க ஆளில்லை. சாவடி இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். முன்பெல்லாம் எதற்கு என்று கேளாமல் என்னை உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்ட அந்த வீடுதான் எனக்கு இல்லாமல் போயிற்று.