யூசுப் பாய்க்கு ‘விரைவில்’ என்று பதில் எழுதியவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள என் ஜெராக்ஸ் கடையில் நல்ல கூட்டம். யூசுப் பாயின் மனைவி ஜொகரா மதினியின் தம்பி வரிசையைத் தாண்டி வந்து நின்றார். “மச்சான் மவுத்தாயிட்டாக செல்வி. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்” என்றார். கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பாலைக்குடிக்குப் பேருந்து ஏறினேன். வழியில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. யூசுப் பாயை அறிந்தவர்களுக்கு இது பண்பான அஞ்சலியாகத் தோன்றாவிட்டால் தோன்றாமலே போகட்டும்.

என் கடை வாசலில் மேசை போட்டு அவர் மனு எழுதிக்கொண்டிருந்தார். பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை, காணாமல் போன ரேஷன் அட்டை என்று எது வந்தாலும் ஒரே பக்கத்தில் முடிப்பார். “ஒரு தாளுக்கு மேல போனா ஆபீசர் படிக்க மாட்டாரு. ஒரு தாளுக்குள்ள முடிச்சா, படிக்கலன்னு சொல்ல அவருக்கு வாய் வராது” என்பார். அவர் எழுதியதைக் கணினியில் அடித்துக் கொடுப்பது என் வேலை. நயினார்கோவிலிலிருந்து வந்து நான் கடை வைத்த முதல் நாளே “தங்கச்சி, எழுத்துப் பிழை இருக்கு” என்று திருப்பிக் கொடுத்த மனிதர் அவர்.

மாலை ஐந்து மணிக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என் கடைத் தொலைக்காட்சி முன்னால் வந்து உட்காருவார். ‘மேகக்கப்பல்’ என்ற கார்ட்டூன் தொடர் அந்நேரம் ஓடும். காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு பெண் கப்பல் ஓட்டிச் செல்லும் கதை. அதில் வரும் சமையல்காரக் கிழவனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் யாரோ, எங்கள் கடற்கரைக்காரராகத்தான் இருக்க வேண்டும். “இங்கன வாடா”, “அங்கன என்னடா பாக்குற” என்று அந்தக் கிழவன் பேசும்போது யூசுப் பாய் தொடையில் தட்டிச் சிரிப்பார். கார்ட்டூன் மனிதர்கள் எல்லாரும் பாடப்புத்தகம் போலப் பேசிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் திருப்பாலைக்குடிக்காரனாக இருந்தான். ஐம்பதை நெருங்கும் ஆள் கார்ட்டூன் பார்ப்பதைச் சுற்றியிருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். “சீரியல்ல மாமியா விஷம் வைக்கிறத ஊரே பாக்குது. அத யாரும் சின்னப்பிள்ளத்தனம்னு சொல்லல” என்றார். முதலில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரே மாதத்தில் நானும் ஐந்து மணிக்குக் காத்திருக்கத் தொடங்கினேன்.

இரண்டு பருவம் முடிந்ததும் அலைவரிசை தொடரை நிறுத்திவிட்டது. மூன்றாம் பருவத்துக்குத் தமிழ்க் குரல்கள் பதிவாகிவிட்டன, எல்லாம் டிவிடி தொகுப்பாக வரும் என்று சென்னையிலுள்ள வெளியீட்டு நிறுவனம் அறிவித்தது. இப்போது செயலிகளில் அந்தத் தொடர் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கிறது, தமிழில் கிடைக்கவில்லை. தமிழில் மூன்றாம் பருவம் அந்த நிறுவனத்தின் அலமாரியைத் தவிர வேறெங்கும் இல்லை.

முதல் தொகுப்பு வந்தது. ஒரு தட்டுக்கு நான்கே அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தாண்டிச் செல்ல முடியாத விளம்பரம். இரண்டாம் தொகுப்புக்கு ஒன்றரை வருடம் இழுத்தடித்தார்கள். அதில் ஆறாம் அத்தியாயம் ஐந்துக்கு முன்னால் இருந்தது. யூசுப் பாய் அந்த நிறுவனத்துக்கு மனு எழுதினார், அரசாங்கத்துக்கு எழுதுவது போலவே பொருள், பார்வை, கோரிக்கை எல்லாம் போட்டு. ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. மூன்றாம் தொகுப்பு விரைவில்’ என்று பதில் வந்தது. “விரைவில்னா எந்தக் கிழமைன்னு கேளு” என்று மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடியும் அதே வரிகள் வந்தன. அவர்களுடைய இணையப் பக்கத்தில் பொம்மைக் குவளையும் சட்டையும் வாரந்தோறும் புதிதாக வந்தன, டிவிடி மட்டும் வரவில்லை.

அந்த இடைவெளியில்தான் சர்க்கரை அவர் கண்ணைத் தின்னத் தொடங்கியது. மதுரைக்குப் போய்க் காட்டினார். கண்ணின் பின்பக்கம் கெட்டுவிட்டது, இருப்பதைக் கொஞ்ச நாள் தக்கவைக்கலாம் என்றார்கள். திரும்பி வந்து எழுதிய மனுவில் ஒரே ஒரு புது வரி இருந்தது: ‘எனக்குப் பார்வை குறைந்துகொண்டிருப்பதால் தேதியைத் தெரிவிக்கவும்.’ அதற்கும் ஆர்வத்துக்கு நன்றி சொன்னார்கள். நானே தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண், அந்த வயதில்கூட இதெல்லாம் பார்க்கிறார்களா என்று வியந்தாள். அவளைத் திட்டினேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

ஒருநாள் மூவரும் ரயிலேறிச் சென்னைக்குப் போனோம், மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு. நான்கு மணி நேரம் உட்கார வைத்த பிறகு மேலாளர் ஒருவர் வந்தார். ஆளுக்கொரு சாவிக்கொத்துப் பொம்மை கொடுத்தார். தமிழ் ஒலி தயாராக இருப்பது உண்மைதான், ஆனால் சந்தை சிறியது, மற்ற மொழிகள் முடிந்ததும் பார்க்கலாம் என்றார். யூசுப் பாய் குரலை உயர்த்தவில்லை.

“எனக்கு டிவிடி வேணாம் சார். உங்ககிட்ட இருக்கறத இங்கன போட்டுக் காட்டுங்க. கண்ணு இருக்கும்போதே பாத்துட்டுப் போயிருறேன்.”

நிறுவன விதிகளில் அதற்கு இடமில்லை என்றார் மேலாளர். யூசுப் பாய் பொம்மையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். மதினி தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தார். என்னுடையதை நான் குப்பைக்கூடையில் போட்டேன்.

மூன்றாம் தொகுப்பு வந்தபோது அவருக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் தெரிந்தது. மனு எழுதுவதை நிறுத்தியிருந்தார். இருந்தாலும் பேருந்து ஏறி என் கடைக்கு வந்துவிட்டார். உறையின் பின்பக்கம் ‘தமிழ்’ என்று அச்சிட்டிருந்தார்கள். தட்டில் தமிழ் இல்லை. எல்லா அமைப்பையும் மாற்றிப் பார்த்தேன். ஆங்கிலம்தான் பேசியது. நான் கீழே ஓடிய வரிகளைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன், படத்தில் நடப்பதையும் சொன்னேன். சமையல்காரக் கிழவன் வந்ததும் என்னால் முடிந்தவரை அவன் மாதிரி பேசிப் பார்த்தேன். யூசுப் பாய் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“நீ நல்லாத்தான் சொல்ற தங்கச்சி. ஆனா, அவன் பேசி வச்சிருக்கறத நீ ஏன் பேசணும்? நம்மளே சமாளிச்சுக்கிட்டா அவுங்களுக்கு ரொம்ப வசதியாப் போயிரும்.”

நிறுத்திவிட்டேன். அந்தத் தொகுப்பிலும் கதை முடியவில்லை, மூன்றாம் பருவத்தைப் பாதியில் வெட்டியிருந்தார்கள், தம்பி கிடைத்தானா என்பது நான்காவதில்தான். ஆங்கிலத்தில் முடிவைத் தேடிச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அன்றே கடைசி மனுவைச் சொல்லச் சொல்ல அடித்தேன். உறையில் அச்சிட்ட பொய்க்குப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டிருந்தார். அதற்குப் பதில் வரவில்லை. பிறகு சிறுநீரகம் கெட்டது. ஏழு மாதத்தில் எல்லாம் முடிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், ‘மேகக்கப்பல்’ பார்ப்பவர்கள் சேர்ந்து கைபேசியில் வைத்திருக்கும் நம் ரசிகர் குழுவில் இரங்கல்கள் வந்தன. ‘பொறுமையாகக் காத்திருந்த ரசிகர்’ என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் அதையே திருப்பி எழுதினார்கள். நண்பர்களே, அவர் பொறுமையாக இருந்ததே இல்லை. அவர் சண்டை போட்டார். நாம்தான் கைகூப்பும் படங்களை அனுப்பிவிட்டுப் பொறுமையாக இருந்தோம். அவருடைய மனுவில் கையெழுத்துக் கேட்டபோது, நிறுவனத்தைப் பகைத்தால் நான்காம் தொகுப்பும் வராது என்று பதுங்கியவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

அதற்கடுத்த வாரம் அந்த நிறுவனத்திலிருந்தே பேசினார்கள். நான்காம் தொகுப்பை யூசுப் பாய்க்குச் சமர்ப்பணம் செய்யப் போகிறார்களாம், சிரித்த முகமாக ஒரு புகைப்படம் வேண்டுமாம். அதில் தமிழ் இருக்கிறதா என்று கேட்டேன். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மதினியிடம் கைபேசியைக் கொடுத்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

“உசுரோட வந்தப்போ அவுகளுக்குப் பாக்க எடம் இல்லன்னீக. இப்ப அவுக படத்துக்கு மட்டும் எப்புடி எடம் வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

புகைப்படம் அனுப்பவில்லை. யாராவது குழுவிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தால் அது அவருக்குச் செய்த மரியாதை அல்ல.

அவரைத் தேடி வருகிறவர்களுக்கு இப்போது நானே மனு எழுதிக் கொடுக்கிறேன். அவர் இருந்தபோது ஒருமுறை கடலாடிப் பக்கத்து விவசாயக் கூலி அம்மாள் ஒருவர், உதவித்தொகைக்கான மனுவில் ‘ஐயா கருணை கூர்ந்து’ என்று சேர்க்கச் சொன்னார். யூசுப் பாய் எழுத மறுத்துவிட்டார். “ஒங்க பென்ஷன் அவரு வீட்டுப் பணமா? அப்புறம் கருண எதுக்கு? குடுக்க வேண்டியதக் குடுங்கன்னு கேப்போம்.” ‘கோருகிறேன்’ என்று எழுதினார். அந்த அம்மாள் பயந்தபடியேதான் கைநாட்டு வைத்தார். இன்று காலையும் ஒருவர் அதே ‘கருணை’யைச் சேர்க்கச் சொன்னார். அவரிடம் காரணத்தைச் சொல்லி, ‘கோருகிறேன்’ என்று அடித்துக் கொடுத்தேன். யூசுப் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சொல்தான்.