சாத்துக்குடி காய்த்த கோடை

சட்டைக்குக் காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. பள்ளிச் சீருடை தைக்கும் கடையிலிருந்து மூட்டையாகச் சட்டைகள் வரும். பொத்தான் துளையைச் சுற்றி நூல் ஓட்டி, பொத்தான் கட்டி, மடித்து, மறுபடி மூட்டையாக்கித் திருப்பிக் கொடுப்பாள். இருபது வருஷமாக இதே வேலை என்பதால் பெயரே காஜாக்கா ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். தெருப் பிள்ளைகள் அவரைத் "தண்ணி வண்டி" என்று கேலி பேசுவார்கள். பாவம், மனிதர் டீயைத் தாண்டி எதையும் தொட்டதில்லை.

அவள் தைக்கும் அறை வீட்டின் பின்பக்கம். ஜன்னலுக்கு நேரே கொல்லை. அதில் அத்தி, மாதுளை, கொய்யா, மதிலோர மூலையில் ஒரு சாத்துக்குடி. நாலையும் நட்டது மகள். மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர் அது. கோடையில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் முதலில் போட்டது காய்ந்திருக்கும். அந்த வெயிலில் மகள் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசி, வேரின் மேல் சருகு பரப்பி, பொழுது சாய்ந்த பிறகு அளந்து தண்ணீர் விட்டு வளர்த்தாள். முதல் மூன்றும் காய்த்தன. சாத்துக்குடி மட்டும் வருஷா வருஷம் பூவெல்லாம் பூத்துக் காட்டிவிட்டு, அனல்காற்று அடித்ததும் அத்தனையையும் உதிர்த்துவிட்டு நிற்கும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் சொன்னாள். அப்பாவுக்குச் சொந்தத்தில் வேறு ஒரு கணக்கு இருந்தது. வார்த்தை தடித்தது. கடைசியில் அவர் பின்வாசலில் நின்று மூலையைக் கை காட்டினார்.

"அதோ, அந்த மரம் என்னிக்குக் காய்க்குதோ அன்னிக்கு இந்த வாசப்படி ஏறு. அதுவரைக்கும் உன் மூஞ்சியக் காட்டாதே."

குதிரைக்குக் கொம்பு முளைத்தால் வா என்பதற்குப் பதில் மரத்தைக் காட்டினார், அவ்வளவுதான். மகளும் அவர் பெற்ற பிள்ளைதானே. பையைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பவில்லை. அவரோ சொன்ன சொல்லை விழுங்குகிற ஜாதியில்லை. ஒரு கோடையில் குழாய் வறண்டு, காஜாக்கா தெருமுனையில் குடத்தோடு கால்கடுக்க நின்றபோதுகூட, லாரியில் ஊர்த் தண்ணீரைச் சுமந்த மனிதர் ஒரு செம்பு வீட்டுக்கு இறக்கவில்லை. "அடுத்தவன் தண்ணி" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் அவரோடு போட்ட சண்டையை எதிர்வீட்டுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இந்த வருஷம் அனல்காற்று தாமதமாக வந்தது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியபோதுதான் பார்த்தாள். இலைக்கு நடுவே கோலிக்குண்டு அளவில் பச்சையாக ஒன்று. எழுந்துபோய்க் கிளையை விலக்கினால், அங்கங்கே இன்னும் கொஞ்சம். மெதுவாகக் கிளையை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து மிஷினில் உட்கார்ந்தாள். அன்றைக்கு எடுத்த காஜாவில் பாதியைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சட்டை மூட்டையைக் கடையில் போட்டுவிட்டு, கடைப்படியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் பேசுவது அவள் வழக்கம். அந்தப் பேச்சிலும் காயைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆசை காட்டிவிட்டு உதிர்ந்து போனால்? பழுக்கட்டும், மஞ்சள் தட்டட்டும், அப்போது அவர் முன்னால் கொண்டுபோய் வைத்துக் கேட்கலாம் என்று மென்று முழுங்கினாள். புருஷனோ அந்த மூலைப் பக்கம் திரும்புவதாகவே தெரியவில்லை.

காய் எலுமிச்சை அளவுக்கு வந்தபோது வெயில் ஏறியது. நடுப்பகலில் இலையெல்லாம் சுருண்டு தொங்கியது. வெயிலில் அப்படித் தொங்கும், சாயங்காலம் தானாக நிமிரும் என்று மகள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? குளித்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், தன் பங்குக்கு வைத்திருந்த குடிதண்ணீரில் பாதி என்று வாளியில் சேர்த்து, அவர் லாரியை எடுத்துக்கொண்டு போனதும் அடிமரத்தில் கவிழ்த்தாள். மற்ற மூன்று மரங்களை ஏனென்று கேட்கவில்லை. அத்தி பாட்டுக்கு ஜம்மென்று நின்றது.

சாத்துக்குடி நிமிரவில்லை. சாயங்காலமும் தொங்கியது. இலை வெளுத்து மஞ்சளாயிற்று. ஒரு காலையில் இரண்டு காய்கள் சருகின் மேல் கிடந்தன. அவள் வாளியை இரண்டாக்கினாள்.

ஒரு நாள் மூட்டை போட்டுவிட்டு வந்து பார்த்தால் அடிமண் சொதசொதவென்று இருந்தது. காலையில் அவள் விட்டது அந்நேரத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். மதிலின் மேல் தூசி அழிந்து, லாரிக் குழாயை இழுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது. அவர் லாரி இரண்டு வகைத் தண்ணீர் ஏற்றும். குடிக்க நல்ல தண்ணீர். கட்டட வேலைக்கு உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரை வீட்டுக்கு இறக்காத மனிதர் இந்த மரத்துக்கு எதை ஊற்றியிருப்பார்? மரம் காய்த்துவிட்டது, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். மரமே பட்டுப்போனால்?

ஒரு துளி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. வேர்வை வழிந்த விரல், கண்ணீர் வழிந்த உதடு. கரிக்காமல் என்ன செய்யும்? அது அவளுக்குத் தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவனைப் பற்றி அப்படி நினைக்க வேண்டி வந்ததே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

ராத்திரி சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மூலையில இருக்கற மரம் வாடுதாட்டம் இருக்கு?"

"வாடாம என்ன செய்யும்? சிலபேர் கண்ணு அப்படி."

"தண்ணி கிண்ணி ஊத்தறதில்லையா நீ?"

"நான் எதுக்கு ஊத்தணும்? எனக்கும் அதுக்கும் என்ன?"

அவர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். ஆனால் அவள் மூட்டையோடு வெளியே போகிற நாளில்தான் மண் நனைந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு காய் குறைந்தது.

கடைசியில் ஒரு பகல். கடையில் கரண்ட் இல்லை என்று கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். தலையில் மூட்டையோடு அவள் பின்சந்து வழியாகத் திரும்பினாள். சந்தில் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் வாலிலிருந்து குழாய் மதில் ஏறிக் கொல்லைக்குள் இறங்கியிருந்தது.

மூட்டை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அவர் மரத்தடியில் குந்தி, குழாய் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாவி! என் பொண்ணு வந்துடக் கூடாதுன்னு பச்சை மரத்தக் கொல்றியா?"

வாழ்நாளில் அவரை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. குழாயைப் பிடுங்கினாள். தண்ணீர் முகத்தில் அடித்தது, வாய்க்குள் போனது.

உப்பில்லை. நல்ல தண்ணீர்.

அவள் குழாயைப் பிடித்தபடியே நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. பிடிபட்ட திருடன் மாதிரி தலை குனிந்திருந்தார்.

"ஓட்டல்ல இறக்கினது போக டேங்க் அடியில கொஞ்சம் நிக்கும். ரோட்டுல தொறந்துவிடறதுதான். அதைத்தான்..." என்றார். "நீ ஊத்த மாட்டேன்னுட்டே. காய் புடிச்சிருக்கு. பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"எப்ப பாத்தீங்க?"

"கோலிக்குண்டா இருந்தப்பவே."

"நானும்தாங்க ஊத்தறேன்! நீங்க அந்தப் பக்கம் போனதும் தினமும் ரெண்டு வாளி!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் மரத்தடிக்குக் குனிந்தார்கள். அவர் கையாலேயே சருகைத் தள்ளி மண்ணைப் பறித்தார். சாக்கடை நாற்றம் அடித்தது. ஒரு வேரைப் பிடித்தால் தோல் உரிந்து கையோடு வந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். வாளியோடு மரத்தடியில் நிற்கும்போது யாருக்கு அது ஞாபகம் வருகிறது? வெயிலில் தொங்கிய இலையைப் பார்த்து ஊற்றினார்கள். வேர் அழுகித் தொங்கிய இலையைப் பார்த்து இன்னும் ஊற்றினார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

"என்ன செய்யறது இப்போ?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? தெரிஞ்சவ ஒருத்திதான்."

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். கை சேறு. சத்தமாகப் பேசும்படி வைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"அம்மா, என்னம்மா இந்நேரத்துல?"

காஜாக்கா சொன்னாள். காய் பிடித்தது, வாளி, இலை, நாற்றம், தோல் உரிந்த வேர். லாரியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"காய்ச்சிருக்கா? ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"பழுத்ததும் சொல்லலாம்னு இருந்தேன்டி."

பிறகு மகள் பேசியபோது ஒவ்வொரு சொல்லும் நிதானமாக வந்தது. "இனிமே ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாதீங்க. அடிமரத்தைச் சுத்தி மண்ணை எடுத்துட்டு வேருக்குக் காத்து படட்டும். அழுகினதை வெட்டிடுங்க. மேல ஒரு வெள்ளைத் துணி கட்டுங்க. அப்புறம்..." நின்றாள். "காயை எல்லாத்தையும் எடுத்துடும்மா."

"என்னடி சொல்றே?"

"பாதி வேர் போயிடுச்சும்மா. காயைச் சுமந்தா மரம் தாங்காது. காயா மரமான்னா மரம்தான். யோசிக்காதே, எடுத்துடு." கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. அந்தக் காய்க்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

காஜாக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"காயை எடுத்துட்டா அப்புறம் நீ எப்படிம்மா வருவே?"

நாலு வருஷத்தில் அவர் மகளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அப்பா?"

"அது காய்ச்சா காய்க்கட்டும், காய்க்காட்டி போகட்டும். நீ வாம்மா. மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா."

அங்கே அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "நாளைக்குக் காலையில வந்துடறோம்பா," என்றாள் கடைசியில். "நான் வந்து பாக்கற வரைக்கும் ரெண்டு பேரும் அதுக்குத் தண்ணி காட்டக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." லாரி சமாச்சாரத்தை யாரும் சொல்லாமலே மகள் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

காஜாக்கா மிஷின் மேசையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தாள். அவர் கிளையைத் தாழ்த்திப் பிடித்தார். மிச்சமிருந்த பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகக் காம்போடு வெட்டினாள். ஒவ்வொன்று விழும்போதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் கிளையை விடவில்லை. வெள்ளைப் போர்வையைக் கட்டி நிழல் போட்டார்கள். மரம் பிழைக்குமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் காற்று இன்னும் அனலாகத்தான் அடித்தது. போர்வைக்குக் கீழே இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. பின்வாசல் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு தடவை எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"தண்ணி குடிக்க."

"நானும் வரேன்," என்று அவளும் எழுந்து கூடவே போனாள்.