மாமாவின் பெயரில் என் சளி

டாக்டர் மாமாவின் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் பிடித்து, நகமும் நகமும் ஒட்டும்படி சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். எங்கள் எல்லாருக்கும் இரண்டு நகத்துக்கும் நடுவில் எள்ளத்தனை சந்து தெரிந்தது. மாமாவின் விரலில் அந்தச் சந்து இல்லை. விரல் நுனி உருண்டு வீங்கி, நகம் கிளி மூக்கு மாதிரி கீழே வளைந்திருந்தது. டாக்டர் விரலை விட்டுவிட்டு டெட்டால் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பஞ்சு பத்துப் பேரைத் துடைத்துச் சேற்று நிறத்துக்கு வந்திருந்தது. இன்றைக்கும் அந்தப் பரிசோதனையை நினைத்தால் முதலில் வருவது அந்தப் பஞ்சுதான். பிறகுதான் மாமா.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு பேரும் வேலை செய்தோம். கரண்டுக்கு வைக்கிற பீஸ் கட்டைதான் அங்கே அதிகம் செய்தது. மாமா வெள்ளைக்கல் அரைக்கிற மில்லில். நான் சூளையில் அடுக்குகிற ஆள். நான் அஞ்சாவதோடு நின்றவன், மாமா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். தொண்ணூறு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். மில்லில் வேலை முடிந்து வருகிறவனின் புருவம், மூக்கு முடி, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். சாயங்காலம் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் நெஞ்சில் இருக்கிற தூசி வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று எல்லாரும் நம்பினோம். மாமா அதைத் தின்னாமல் மடியில் கட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குக் கொடுப்பார். உருண்ட விரலையும் நாங்கள் நோய் என்று நினைக்கவில்லை. சாக்குத் தூக்கித் தூக்கி வருவது என்றுதான் நினைத்தோம். மில்லுக்காரர்கள் அதைக் காட்டிப் பெருமை பேசுவார்கள். "சாக்குப் புடிச்ச வெரலு. ஒனக்கு இருக்குதா? ஒன்னுது வெண்டக்கா" என்று மாமா என்னைக் கேலி செய்வார்.

அன்றைக்குப் பரிசோதனை நடந்தது, கட்டைகளைக் காயப்போடும் கொட்டகையில். மேலிடத்தில் கேட்டார்கள் என்று முதலாளி வெளியிலிருந்து டாக்டரை அழைத்து வந்திருந்தார். வயசான மனிதர். சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றோம். வேர்வையும் மண்ணும் சேர்ந்து முதுகில் பொருக்குத் தட்டியிருந்தது. ஊறவைத்த சாக்கு நாற்றம். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் விரலை வைத்துத் தட்டினார். மாமாவிடம் வந்தபோது மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார். மூச்சை இழுத்து விடச் சொல்லிக் குழாயை முதுகெல்லாம் நகர்த்தினார். மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கையிலிருந்த துண்டில் துப்பினார். டாக்டர் துண்டைப் பிரித்துப் பார்த்தார். அச்சில் ஊற்றுகிற மண் கரைசல் மாதிரி வெள்ளையாக, கொழகொழவென்று இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. நான்தான் சுளித்தேன்.

எனக்கு அவர் செலவழித்தது அரை நிமிஷம். "மெலிஞ்சிருக்கிற. நல்லா சாப்புடு" என்றார். அவ்வளவுதான்.

மாமாவிடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துச் சோதித்துச் சீட்டு வாங்கிவரச் சொன்னார். முதலாளி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சுத்தம்னு எழுதி வந்தா உள்ள வா. இல்லாட்டி வூட்டுலயே இரு. மத்தவங்களுக்கு ஒட்டிக்கப் போவுது" என்றார். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள், கடைசிக்கு இரண்டு வயசு. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே வாசலுக்குள் இரண்டு குடித்தனம். மாமாவின் வேலை போனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசத் தேவையில்லை.

மறுநாள் விடிந்ததும் மாமா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார். துண்டுக்குள்ளிருந்து மூடி போட்ட டப்பியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் அவர் பெயர் எழுதியிருந்தது.

"மாப்ள, இதுல துப்பு."

"எனக்கு ஏது மாமா சளி?"

"காலையில நீ லொக்கு லொக்குன்னு இருமுறது எனக்குக் கேக்கலையா? பீடி சளிதான். அடியிலருந்து இழுத்துத் துப்புடா. பொண்ணு மாதிரி நிக்கிற."

"கண்டுபுடிச்சிட்டா?"

"சளியில என்னா மூஞ்சியா ஒட்டியிருக்குது?"

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பூவரச மரத்தடியில் குந்தி, அடி நெஞ்சிலிருந்து காறித் துப்பினேன். மஞ்சளாக விழுந்தது. மாமா குனிந்து பார்த்து, "நல்லா கெட்டியா இருக்குது" என்று மூடிக்கொண்டார். மறுநாள் ஒன்று, அதற்கு அடுத்த நாள் ஒன்று. மூன்று டப்பி. இருமுகிறவன் சளி கெட்ட சளி, தெம்பாக இருக்கிறவன் சளி நல்ல சளி என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

சீட்டு வந்த அன்று மாமா என்னைத் தேடிக் கம்பெனிக்கு வந்தார். உள்ளே விடவில்லை. வெளியே உடைசல் கொட்டுகிற இடத்தில் நின்றிருந்தார். நான் போனதும் சீட்டை நீட்டினார். எழுத்துக் கூட்டி எனக்குப் படிக்க வரும், ஆனால் அது இங்கிலீஷில் இருந்தது.

"கிருமி இருக்குதாம். மூணு டப்பியிலயும்."

"யாருக்கு?"

"எம்பேருதான் எழுதியிருக்குது" என்றார். சீட்டை நாலாக மடித்தார். "ஒனக்குடா."

எனக்குச் சாயங்காலமானால் உடம்பு சுடும். சூளை அடுக்குகிறவனுக்கு உடம்பு சுடாமல் என்ன செய்யும் என்று இருந்தேன். ராத்திரி பனியன் நனைந்துபோகும். அதையும் சூளை மேல் போட்டேன். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. புதுப் பெண்டாட்டி சமையல் சரியில்லை என்று வீட்டில் அவளைத்தான் திட்டினார்கள். அந்த உடைசல் மேட்டில் நின்றபோது எல்லாம் புரிந்தது. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"நான் போயி சொல்லிடறன் மாமா."

"சொல்லி? ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லுவான். நீயாவது உள்ள இரு. மாத்திரய நான் வாங்கியாறன். நீ தின்னு."

"ஒங்க இருமலு?"

"இது தூசி. வெளிய இருந்தா எறங்கிடும்."

நான் மறுக்கவில்லை. அதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அவ்வளவுதான்.

மாசா மாசம் மாமா ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று, நோயாளி என்று முகம் காட்டி, மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி வருவார். கொல்லையில் வைத்து என் கையில் கொடுப்பார். நான் விழுங்குவேன். மூத்திரம் செம்பருத்திப் பூவைக் கசக்கினாற்போலச் சிவப்பாகப் போனது. யாரும் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிவிடுவேன். நாக்கில் எந்நேரமும் துரு ருசி. சோற்றைப் பார்த்தால் குமட்டும். ஆனாலும் தின்பேன். பிழைக்க வேண்டும் என்று உடம்பு தானாகவே தின்றது.

வீட்டில் அக்கா மாமாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். பாயைத் தள்ளிப் போட்டாள். கடைசிக் குழந்தை அவரிடம் ஓடினால் இழுத்து என் மடியில் உட்காரவைப்பாள். "மாமங்கிட்ட இரு. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்பாள். கிருமி இருந்தது என் நெஞ்சில். நான் பிசைந்து ஊட்டிய சோற்றைக் குழந்தை தின்றது. என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து சிரித்தது. மாமா தள்ளி உட்கார்ந்து தன் தட்டைக் கழுவிக்கொண்டே எங்களைப் பார்ப்பார். ஒரு நாள் நான் குழந்தையை இறக்கிவிட்டேன். "ஏன்டா, ஒனக்கும் பாரமா ஆயிட்டுதா?" என்று அக்கா அழுதாள். திரும்பத் தூக்கிக்கொண்டேன். மூச்சை அடக்கி அடக்கி வைத்திருந்தேன். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அதன் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் அல்ல. கம்பெனியில் ஒரே பானை, ஒரே குவளை. அங்கே யாருக்கு ஒட்டவைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

ஆறு மாசம் ஆயிற்று. மறுபடி டப்பி வந்தது. மறுபடி என் சளிதான். காறிக் காறிப் பார்த்தும் எச்சில்தான் வந்தது. சீட்டில் கிருமி இல்லை என்று எழுதி, குணம் என்று முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அதே டாக்டர் அந்த வாரம் கம்பெனிக்கு வந்திருந்தார். முதலாளி மாமாவை அவரிடம் காட்டச் சொன்னார். நான் பக்கத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சீட்டைப் படித்தார். மாமாவின் விரலைப் பிடித்து மறுபடி நகத்தோடு நகம் சேர்த்தார். சந்து இல்லை. குழாயை வைத்துக் கேட்டார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"சளி சுத்தமா இருக்கு. வெரலு ஏன் அப்பிடியே இருக்கு? நெஞ்சும் அப்பிடியேதான் இருக்கு."

"அது சாக்குப் புடிச்ச வெரலுங்க" என்றார் மாமா.

டாக்டர் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பினவர் என்னைப் பார்த்தார். "நீ இவருக்கு யாரு?"

"மச்சினங்க."

"போன தடவ ஒட்டிப்போயி இருந்த. இப்ப நல்லா சதை போட்டிருக்கியே."

நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். அந்த மனிதர் பாதி கண்டுபிடித்துவிட்டார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் மாமாவின் நெஞ்சில் இருப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மில்லுக்குள் விடாதே என்று சொல்லியிருப்பார். கையிலிருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புது மாப்ளைங்க. பொண்டாட்டி கை சோறு" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். மாமா அன்றைக்கே மில்லுக்குள் போனார். வெளியில் இருந்த ஆறு மாசத்தில் கொஞ்சம் தெளிந்திருந்தவர் அவர்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். கடைசியில் பேச மூச்சு இல்லை. உட்கார்ந்தபடியே தூங்குவார். சாம்பல் போட்ட தகர டப்பாவில் துப்புவார். காலையில் அதை நான்தான் எடுத்துப் போய்க் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டுவேன். ஈ மொய்க்கும். சாம்பலோடு சேர்ந்து களி மாதிரி வழுக்கிக்கொண்டு விழும். ஒருநாள் விரலில் பட்டுவிட்டது. இரண்டு விரலுக்கு நடுவே நெறநெறவென்று மண் நெருடியது போல இருந்தது. நிஜமாகவே நெருடியதா, என் மனசா, தெரியவில்லை. அங்கேயே வாந்தி எடுத்தேன். அவர் சளியைத் தொட்டதற்காக இல்லை. என் சளியை அவர் எத்தனை தடவை துண்டில் மூடிக் கையில் ஏந்திக்கொண்டு போனார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் அக்கா எல்லாரிடமும் ஒன்றையே சொன்னாள். இன்றுவரை சொல்கிறாள். "மாத்திரய ஒழுங்கா தின்னுருக்க மாட்டாரு அந்த மனுசன். தின்னுருந்தா இருந்திருப்பாரு." என் முன்னாலேயே சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன்.

இப்போது எனக்கும் வயசாகிவிட்டது. போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார்கள். அக்காதான் துணைக்கு வந்தாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"பெரியவரே, மேல பழைய வடு இருக்குதே. முன்ன டி.பி. வந்துச்சா?"

"எங்க மாமாவுக்கு வந்துச்சும்மா" என்றேன். வாய் பழகியிருந்தது.

"அவரக் கேக்கல. ஒங்களுக்கு?"

சாத்தியிருந்த கதவைப் பார்த்தேன். "எனக்குத்தாம்மா" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

"மாத்திர முழுசா சாப்ட்டீங்களா? நடுவுல உட்டுட்டீங்களா?"

"ஒரு நாள்கூட உடல."

"நல்லது" என்றார். "அதனாலதான் இன்னிக்கு நல்லா இருக்கீங்க."

சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்றாள்.

"என்னாடா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா இருக்குதாம்."

அவள் கோயில் கோபுரம் இருக்கும் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.